மட்டுச் சமன்பாட்டில் ஒட்டாத விடை
| | என்ற மட்டுக் குறி வரும் மட்டுச் சமன்பாடுகளில் எனக்கு நெடுநாள் தொல்லை கொடுத்தது, கணக்கைச் சரியாகப் போட்டாலும் முளைக்கும் பொய் விடைதான். தெரியாத எண்ணை ய என்று வைத்து, |ய − 6| = 2ய என்பதைப் பாருங்கள். ய − 6 = 2ய எனப் பிரித்தால் ய = −6. ய − 6 = −2ய எனப் பிரித்தால் ய = 2. இரண்டு வழியிலும் பிழையில்லை. ஆனால் −6ஐப் போட்டால் இடப்பக்கம் 12, வலப்பக்கம் −12. ஒட்டவில்லை. 2ஐப் போட்டால் இரு பக்கமும் 4, சரி.

மட்டு என்பது எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து ஓர் எண் இருக்கும் தூரம். அது குறை எண் ஆகாது; அதற்குச் சமமான 2ய என்பதும் ஆகாது. அதனால் இப்போதெல்லாம் பிரிப்பதற்கு முன்பே ய ≥ 0 என்று ஓரத்தில் எழுதிவிடுகிறேன். −6 அங்கேயே கழன்றுவிடும். அப்புறமும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதை விடுவதில்லை. குறி மாறிப்போனதை அதுதான் பிடிக்கும். வலப்பக்கம் வெறும் −3 என்றிருந்தால் பிரிக்கவே வேண்டாம், தீர்வு இல்லை.