பாரிஸில் ஒரு மாதம், வாடகை வீட்டில்: குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

"8 பேர் தங்கலாம்" என்ற விளம்பர வரியை அப்படியே நம்புவதில்தான் பல குடும்பங்களின் சிக்கல் தொடங்குகிறது. பிரான்ஸில் வீட்டின் அளவை டி2, டி3 என்று சொல்வார்கள். அந்த எண்ணிக்கையில் ஹாலும் அடக்கம். டி3 என்றால் இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், அவ்வளவுதான். மிச்சப் பேருக்கு ஹாலில் விரிக்கிற சோபா. 70 வயதுப் பெரியப்பாவை அதில் ஒரு மாதம் படுக்கவைக்க முடியுமா? கழிப்பறை எத்தனை என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு மக் எடுத்துப் போவது உத்தமம். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, இருந்தாலும் இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

பாரிஸில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டின் விளம்பரத்தில் நகராட்சி கொடுத்த பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள். தான் குடியிருக்கும் வீட்டை ஒருவர் ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி விடலாம் என்று 2025 முதல் விதி. முன்பு அது 120 நாள். "முன்பதிவுத் தளத்தில் வேண்டாம், நேரடியாகப் பணம் அனுப்புங்கள்" என்று வீட்டுக்காரர் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். விசாவுக்குக் காட்டத் தங்குமிடச் சான்று வேண்டுமே!

அந்தச் சான்றில் சித்தி, மாமா உட்பட எல்லார் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் பதிவு செய்துவிட்டுப் பிறகு விளக்கக் கடிதம் எழுதுவது வீண் வேலை. பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், விண்ணப்பிக்க நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று வேறு நாட்டிடம் போகக் கூடாது. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கில் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேரும். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆனால் விலை மலிவான பாலிசி பெரியவர்களின் பழைய சர்க்கரை, இதய நோய்களை விட்டுவிடக்கூடும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் சமையலறை. "வீட்டிலேயே சமைத்தால் மிச்சம்" என்பார்கள். மிச்சமாவது பணம், போவது யாரோ ஒரு அத்தையின் விடுமுறை. லூவர் அருங்காட்சியகத்துக்கு எல்லாரும் போயிருக்க, அவர் மட்டும் எட்டுப் பேருக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருப்பார். யார் எந்த நாள் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, எந்த நாள் வெளியே சாப்பிடுவது என்பதை டிக்கெட் போடும்போதே பேசி முடித்துவிட வேண்டும். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இண்டக்‌ஷன் அடுப்பு உள்ள வீட்டில் சாதாரண அலுமினிய குக்கர் சூடே ஆகாது. நெய், பன்னீர், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டுபோக அனுமதியில்லை. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் தாவரநலச் சான்று வேண்டும். எதற்குச் சுமக்க வேண்டும்? கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பல் பகுதி. அங்கே ஈழத்தமிழர் கடைகளில் அரிசி, பருப்பிலிருந்து காய்கறி வரை கிடைக்கும். மிக்ஸியை மட்டும் காலை 7 மணிக்கு முன்னால் ஓட்டாதீர்கள். இரவு 10 முதல் காலை 7 வரை சத்தம் போட்டால் அக்கம்பக்கத்தார் புகார் செய்யலாம்.

போக்குவரத்தில் ஒரு சின்ன விஷயம்: மெட்ரோ, பஸ்ஸுக்கான நவிகோ வாரச் சீட்டு எந்த நாள் வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை இறங்குகிறவர்கள் திங்களிலிருந்து கணக்குப் போடுவது நல்லது. பள்ளி விடுமுறை எல்லாருக்கும் ஒத்துவருகிறதென்று ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தால், தெருமுனை ரொட்டிக் கடைக்காரரும் விடுமுறைக்குப் போயிருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.