பேட்டரி வாடகைக் காரா, ஹைப்ரிட்டா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கான கணக்கு

"வண்டி 9.99 லட்சம்தான், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் கொடுத்தால் போதும்" என்று மின்சார கார் ஷோரூமில் சொன்னதும், பெட்ரோல் செலவு ஒழிந்தது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. வாடகையையும் கரண்டையும் கூட்டினால், ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினும் சின்ன பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் கார்) குடிக்கும் பெட்ரோல் செலவுக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கும். வாடகை பேட்டரி வண்டியில் மிச்சமாவது வாங்கும் விலையிலும் சாலை வரியிலும்தான், ஓட்டும் செலவில் அல்ல. இது தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

கணக்குப் போடும் தாளில் இரண்டு பத்தி போடாதீர்கள், மூன்று போடுங்கள்: ஹைப்ரிட், வாடகை பேட்டரி, பேட்டரியோடு முழு விலைக்கு வாங்கும் அதே மின்சார கார். மூன்றாவதை டீலர் தானாகச் சொல்லமாட்டார். பாதிப் பேருக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்காட்டுக்கு இரண்டு வண்டிகள். எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது ஷோரூம் விலை 13.50 லட்சம்; பேட்டரி வாடகைத் திட்டத்தில் 9.99 லட்சம், கூடவே கி.மீ.க்கு 3.50 ரூபாய். பேட்டரி 38 கிலோவாட் அவர், அதாவது 38 யூனிட் கரண்ட் பிடிக்கும். எதிரே டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட்; 1,490 சிசி என்ஜின், 0.76 கிலோவாட் அவர் பேட்டரி. கணக்குக்காக இதன் விலையை 17 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ரக வண்டி அல்ல, ஆனால் ஒரே வீட்டில் இரண்டையும்தான் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். விலையும் வாடகையும் மாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் கொடுத்த கொட்டேஷனில் உள்ள எண்ணை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாத ஓட்டம் எவ்வளவு?

இப்போதிருக்கும் வண்டியின் கடைசி இரண்டு சர்வீஸ் பில்லை எடுங்கள். இரண்டிலும் உள்ள கிலோமீட்டரின் வித்தியாசத்தை, இடையில் போன மாதங்களால் வகுங்கள். ஊகித்துச் சொல்லும் எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். லாஸ்பேட்டையிலிருந்து நகருக்குள் வேலைக்குப் போய் வரும் குடும்பத்துக்கு 600 கி.மீ. தாண்டுவதே அரிது. கடலூரிலிருந்து தினம் புதுச்சேரி போய் வருபவருக்கு 1,200-ஐ ஒட்டி வரும். நெய்வேலிக்குத் தினம் போய் வந்தால் 1,500-க்கு மேல் போகும்.

இந்த எண் ஏன் முக்கியமென்றால், வாடகை ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச ஓட்டம் என்று ஒரு நிபந்தனை இருக்கும். 1,500 கி.மீ. என்று போட்டிருந்தால், நீங்கள் 600 கி.மீ. ஓட்டினாலும் 1,500-க்கான 5,250 ரூபாயைக் கட்டவேண்டும். அப்போது வாடகை கி.மீ.க்கு 3.50 அல்ல, 8.75. கரண்ட் அதற்கு மேல் தனி. விளம்பரத்தில் இருக்கும் மூன்றரை ரூபாய், மாதம் 1,500 கி.மீ.யாவது ஓட்டுபவருக்கு மட்டுமே உண்மை.

அடுத்து, ஜிஎஸ்டி. வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 18 சதவீதம் தனி என்றால் 3.50 என்பது 4.13 ஆகிவிடும்.

பெட்ரோலும் கரண்டும்

ஹைரைடருக்கு ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதிக்கும் நிறுவனம்) சோதனையில் வந்த மைலேஜ் லிட்டருக்கு 27.97. கணக்கில் 20 போடுங்கள். இந்திரா காந்தி சதுக்கம், நூறடி ரோடு போன்ற நின்று நின்று போகும் இடங்களில் ஹைப்ரிட் நன்றாக மைலேஜ் கொடுக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி ஏறுகிறது, மெதுவாக நகரும்போது என்ஜின் அணைந்தே கிடக்கிறது. ஈசிஆரிலோ விழுப்புரம் நாற்கரச் சாலையிலோ நூறில் விட்டால் அந்த லாபம் கரைந்துவிடும், சுமை முழுக்க என்ஜின் மேல்தான்.

பெட்ரோல் விலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் லிட்டருக்கு ஆறேழு ரூபாய் வித்தியாசம் இருந்து வருகிறது. இங்கே 96, 103 என்று வைத்தால் ஹைப்ரிட்டுக்கு கி.மீ.க்குப் புதுச்சேரியில் 4.80, கடலூரில் 5.15.

மின்சார காருக்கு, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று கொள்ளுங்கள். சார்ஜரிலும் வயரிலும் வீணாகும் கரண்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள் என்பதால், டேஷ்போர்டு காட்டும் எண்ணை எடுக்கக்கூடாது. மாதம் 1,500 கி.மீ.க்கு 250 யூனிட்.

இந்த 250 யூனிட்டுக்கு எல்லையின் இரு பக்கமும் ஒரே விலை அல்ல. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் கார் மட்டும் 500 யூனிட். வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஆகிறதென்றால், கார் கரண்ட் முழுவதும் மேல் ஸ்லாபுகளில் போய் விழும்: 500-ஐத் தாண்டியதும் யூனிட் எட்டரை ரூபாய் அளவு, 600-க்கு மேல் ஒன்பதரை, 800-க்கு மேல் பத்தரை. தவிர, 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த பாதிவிலைச் சலுகையும் போய்விடும். அதில் மட்டும் 200 ரூபாய்க்கு மேல் ஏறும். எல்லாம் சேர்த்தால் கார் யூனிட் சராசரி 9.30 ரூபாய், கி.மீ.க்கு 1.55.

புதுச்சேரியில் மாத பில். வீட்டுக்கு 200 யூனிட் ஆகிற இடத்தில் கார் 250 சேர்ந்தால், 201–300 யூனிட்டுக்கு 6 ரூபாய், அதற்கு மேல் 7.50 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6.90, கி.மீ.க்கு 1.15. நிலைக்கட்டணமும் கூடுதல் கட்டணமும் இதில் சேரவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். மாதம் 1,500 கி.மீ. ஓடினால்:

புதுச்சேரி: வாடகை 3.50 + கரண்ட் 1.15 = 4.65. ஹைப்ரிட் 4.80.
கடலூர்: வாடகை 3.50 + கரண்ட் 1.55 = 5.05. ஹைப்ரிட் 5.15.

பத்துப் பதினைந்து பைசா வித்தியாசம். முழு விலைக்கு வாங்கிய மின்சார காருக்கோ அந்த 1.15, 1.55 மட்டுமே. வெளியூர் போகும் வழியில் வேக சார்ஜரில் யூனிட் 22 ரூபாய்க்கு ஏற்றினால் கி.மீ.க்குச் சுமார் 3.67 ரூபாய் ஆகிவிடும். வாடகையோடு 7 ரூபாய்க்கு மேல். அந்தப் பயணத்தில் ஹைப்ரிட்தான் மலிவு.

வீட்டு மாடியில் சோலார் இருந்தால் கடலூர்க் கணக்கு அடியோடு மாறும். 3 கிலோவாட் பலகைக்கு பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது நாளுக்கு 12 யூனிட் அளவுக்குத் தரும், மேல் ஸ்லாபில் விழும் யூனிட்டுகளை முதலில் குறைக்கும்.

வாடகைக்குள் ஒளிந்திருக்கும் கடன்

முழு விலைக்கும் வாடகைத் திட்ட விலைக்கும் உள்ள வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கி.மீ. அந்தத் தூரத்தைத் தாண்டினால் பேட்டரி விலையை நீங்கள் கட்டி முடித்துவிட்டீர்கள். வட்டியையும் பார்க்க வேண்டும்: 3.51 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனாக எடுத்தால் ஈஎம்ஐ சுமார் 7,290, மொத்தம் 4.37 லட்சம். குறைந்தபட்ச வாடகையே வருடத்துக்கு 63,000 என்பதால், வண்டி கொட்டகையில் நின்றாலும் ஏழு வருடத்தில் அந்தத் தொகை போய்விடும்.

8 வருடத்துக்கு, புதுச்சேரியில் மாதம் 600 கி.மீ. ஓடும் வீட்டில் (கரண்ட் மாதம் 500 ரூபாய் என்று கொண்டு):

வாடகை பேட்டரி: 9.99 + வாடகை 5.04 + கரண்ட் 0.48 = 15.51 லட்சம்.
முழு விலை: 13.50 + பேட்டரிப் பங்குக்கு வட்டி 0.86 + கரண்ட் 0.48 = 14.84 லட்சம்.
ஹைப்ரிட்: 17 + பெட்ரோல் 2.76 + ஆயில், ஃபில்டர் போன்ற கூடுதல் சர்வீஸ் வருடத்துக்கு 4,000 வீதம் 0.32 = 20.08 லட்சம்.

வண்டியின் மீதிக் கடனுக்கான வட்டி, டயர், இன்ஷூரன்ஸ் இதில் இல்லை. வாடகைக்கும் ஹைப்ரிட்டுக்கும் இடைவெளி 4.57 லட்சம். எனவே கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: எட்டு வருடம் கழித்து, பேட்டரி தன் பெயரில் இல்லாத காரை விட இந்த ஹைப்ரிட் நாலரை லட்சம் கூடுதலாக விலை போகுமா? போகும் என்று நம்பினால் ஹைப்ரிட் சரி. இல்லையென்றால் பணக் கணக்கில் லாபம் மின்சார காருக்கே, அதிலும் முழு விலைக்கு வாங்கியதற்கே. முன்பணம் புரட்ட முடியாதவர்களுக்கும், நாலைந்து வருடத்தில் கைமாற்றிவிட நினைத்து ஒப்பந்தமும் அதற்கு இடம் கொடுத்தால் அவர்களுக்கும், வாடகைத் திட்டம் நியாயமான வழி.

வரியும் இன்ஷூரன்சும்

தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். கடலூரில் பதிவு செய்யும் 17 லட்ச ஹைப்ரிட்டுக்கு 3.06 லட்சம் அங்கேயே போய்விடும். மேலே சொன்ன 4.57 லட்ச இடைவெளியோடு இதையும் கூட்டுங்கள். மின்சார வாகனங்களுக்கு உள்ள வரிவிலக்கு கால வரம்போடு வரும் அரசாணை; பதிவு செய்யும் தேதியில் அது நடப்பில் உள்ளதா என்று ஆர்டிஓ அலுவலகத்திலேயே உறுதி செய்யுங்கள். புதுச்சேரியில் வரி வெகு குறைவு என்பதற்காகக் கடலூர்க்காரர் பிஒய் 01 என்ற புதுச்சேரிப் பதிவு எண் வாங்கும் பழக்கம் வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. பிடிபட்டால் வரியும் அபராதமும் சேர்ந்து வரும்.

இன்ஷூரன்சில் பலர் கவனிக்காதது ஒன்று. மூன்றாம் நபர் பிரீமியம் மின்சார காருக்கு மோட்டார் கிலோவாட்டைப் பொறுத்தது. 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி 65 கிலோவாட்டுக்கு மேல் என்றால் புது வண்டிக்கு மூன்று வருடத் தொகை 20,907 ரூபாய். விண்ட்சர் 100 கிலோவாட். 1,500 சிசிக்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு 10,640, ஹைப்ரிட்டுக்கு அதில் ஏழரை சதவீதத் தள்ளுபடி. மின்சார காருக்கு இன்ஷூரன்ஸ் குறைவு என்று பொதுவாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாயால் சொல்வது போதாது. வாடகையை வசூலிக்கும் கடன் நிறுவனத்தின் ஒப்பந்த நகலையே கேளுங்கள். கி.மீ. கட்டணம் வருடாவருடம் ஏறுமா? கடைசியில் பேட்டரி யாருடையது? நடுவில் மொத்தமாகக் கட்டி முடிக்க எவ்வளவு? வண்டியை விற்றால், வாங்குபவர் பெயருக்கு ஒப்பந்தம் மாறுமா, அவருடைய கடன் தகுதியைப் பார்ப்பார்களா? தவணை தவறினால் என்ன செய்வார்கள்? இன்ஷூரன்சில் போடும் வண்டி மதிப்பில் பேட்டரி சேர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு பேட்டரியின் பணம் உங்கள் தலையில் விழலாம்.

வீட்டு வயரிங்கையும் முன்பே பாருங்கள். 3.3 கிலோவாட் சார்ஜர் மணிக்கணக்கில் 14 ஆம்பியர் இழுக்கும். காலி பேட்டரி நிறைய 13, 14 மணி நேரம் ஆகும். ஏசிக்குப் போட்ட பழைய பிளக்கில் சொருகினால் சாக்கெட் உருகக்கூடும். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்), தனி எர்த் இவை வேண்டும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற மணல் தரையில் கோடையில் எர்த் காய்ந்துபோய், சார்ஜர் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் போடுவதென்றால் முதலில் மின் அலுவலகத்தில் அனுமதிச் சுமையை உயர்த்த வேண்டும். அடுக்குமாடியில் சொந்தப் பிளக் போட வழியில்லாதவர், வெளிச் சார்ஜரை மட்டும் நம்பி இந்த வண்டியை எடுக்க வேண்டாம், ஹைப்ரிட் எடுங்கள்.

மழைக்காலத்தை இந்த ஊரில் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியின் ஐபி67 தரம் என்பது ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரச் சோதனைதான். இரண்டு நாள் உப்புச் சேற்றில் நின்றதற்கு அது உத்தரவாதம் ஆகாது. ஹைப்ரிட் என்றால் என்ஜின் பாதுகாப்பு, மின்சார கார் என்றால் பேட்டரி பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டைச் சேருங்கள். வாடகை பேட்டரி வெள்ளத்தில் பழுதானால் மாற்றும் செலவு யாருடையது, வண்டி பட்டறையில் நிற்கும் மாதங்களுக்கும் குறைந்தபட்ச வாடகை ஓடுமா என்ற இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால், பதிலை எழுதி முத்திரையோடு கொடுக்கும் வரை முன்பணம் கட்டாதீர்கள்.