வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா?

ஓடும்போது ஒன்றும் தெரியாது, ஏ.சி. போட்டு நிற்கும்போதுதான் ஸ்டீயரிங், சீட் எல்லாம் நடுங்கும். பிளக், இன்ஜெக்டர் சரியாக இருந்தால் அடுத்து என்ஜின் மவுண்டிங்கை, அதாவது என்ஜினை வண்டியோடு பிணைத்துத் தாங்கும் ரப்பர் பாகத்தைப் பாருங்கள். பல கார்களில் அந்த ரப்பருக்குள் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் கலந்த திரவம் இருக்கும். உள்ளே இரண்டு அறைகள், நடுவே குறுகலான பாதை. என்ஜின் குலுங்கும்போது திரவம் அதன் வழியே போய்வந்து ஆட்டத்தை அடக்கும். ரப்பர் வெடித்தால் ஒழுகிவிடும். பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள்: மவுண்டிங்குக்குக் கீழே கறுப்பாக, பிசுபிசுப்பாக வழிந்த தடம் இருந்தால் அதன் கதை முடிந்தது. மறுபடி நிரப்பவெல்லாம் முடியாது, மாற்றத்தான் வேண்டும். விலை குறைவென்று வெறும் ரப்பர் மவுண்டிங் போட்டால் பழைய அமைதி திரும்பாது.

அப்புறம், நம் பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்றுக்குப் பயந்து வண்டியின் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ரப்பர் அதில் ஊறி, உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். தனுஷ்கோடி போய்வந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவினாலே போதும், மவுண்டிங் போல்ட்டுகளையும் சேர்த்து. துருப்பிடித்து இறுகிய போல்ட் கழற்றும்போது முறிந்தால் லேபர் எகிறிவிடும்.