மணல் போகும் வழியில் கூட்டம் போடுங்கள்

கரையோர வழிகாட்டுதல் எழுதத் துறைகளைக் கூட்டினால், முதலில் அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். துறைமுகத்தார் ஆழத்தைத் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து, அதாவது கடல்நீர் வற்றித் தாழும் மட்டத்திலிருந்து எடுப்பார்கள், நில அளவையர் உயரத்தைச் சராசரி கடல்மட்டத்திலிருந்து. நான் இருந்த ஒரு கூட்டத்தில் ஒரே சுவரின் உயரத்துக்காக இரண்டு அதிகாரிகள் அரை நாள் வாதாடினார்கள். இருவர் சொன்னதும் சரிதான்! உயர் ஓதக் கோடு, அதாவது கடல்நீர் ஏறி எட்டும் கோடு, எந்த ஆண்டுகளின் சராசரி என்பதையும் எழுதி வையுங்கள். ஓதத்தின் ஏற்ற இறக்கத்தில் 18.6 ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு; எடுத்த ஆண்டுகள் மாறினால் சராசரியும் மாறும்.

மாவட்ட எல்லையை மணல் மதிக்காது. இங்கே தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால், மணல் ஓடும் திசையில் அடுத்த கரை அரிபடும். அந்தக் கரைக்குப் பொறுப்பானவர் இல்லாமல் கூட்டத்தைத் தொடங்காதீர்கள்.

கரையில் கட்ட அனுமதி கேட்பவருக்கு எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து விண்ணப்பம் ஒன்றே போதும் என்று வையுங்கள். துறைகள் முரண்பட்டால் யார் சொல் நிற்கும் என்பதை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.