பிரஷருக்கு மூலிகையா? முதலில் ஒரு நோட்டு எடுங்கள்

ஆறு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே மூலிகையும் உண்டு. ஆனால் அளந்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதிய பிறகு மூலிகையைத் தொடுங்கள்.

எனக்கு ஓரளவு பலித்தது ரோசெல் தேநீர். இதை வேலியோரச் செம்பருத்தி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இது வேறு செடி. பூ உதிர்ந்தபின் காயைப் பொத்திக்கொண்டு நிற்கும் சதைப்பற்றான சிவப்பு இதழ்தான் நமக்கு வேண்டியது. காய்ந்ததில் ஒரு தேக்கரண்டி, கொதித்து இறக்கிய ஒரு டம்ளர் நீரில் போட்டு மூடுங்கள். ஆறேழு நிமிடத்தில் மாதுளைச் சாறு நிறம் வந்துவிடும். பல் கூசும் புளிப்பு. சர்க்கரைக்குக் கை போகும், அடக்கிக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று டம்ளர். ஆறு வாரத்தில் என் பிரஷரின் மேல் எண் ஐந்தாறு புள்ளி இறங்கியது. மாத்திரையை நிறுத்த அது போதாது.

அடுத்து பூண்டு. அதை நசுக்கிப் பத்து நிமிடம் சும்மா வைத்தால்தான் அல்லிசின் என்ற கார நெடிப் பொருள் நன்றாக ஊறும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பூண்டு மாத்திரை பக்கம் போக வேண்டாம்.

நான் கோட்டைவிட்டது அதிமதுரத்தில். தொண்டைக் கரகரப்புக்கு மூன்று வாரம் கஷாயம் குடித்தேன். நோட்டில் 132, 138, அப்புறம் 151. அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். இருமலுக்கான கலவைப் பொடிகளிலும் அதிமதுரம் இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சர்ப்பகந்தாவை மட்டும் நீங்களாக வாங்கிப் பொடி பண்ணாதீர்கள். 1952-இல் அதன் வேரிலிருந்து பிரித்த ரெசர்பின் நிஜமான பிரஷர் மருந்தாகவே புழங்கியது. மனச்சோர்வில் தள்ளும் என்ற புகாரும் கூடவே வந்தது.

கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதில் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் தேநீர் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.