லண்டனில் மின்சார சைக்கிள்: சேலத்திலிருந்து கிளம்புபவர்களுக்கு

லண்டனிலிருந்து விடுமுறைக்குச் சேலம் அம்மாபேட்டை வீட்டுக்கு வந்து பத்து நாட்களாகின்றன. செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கப் போகும் எதிர்வீட்டுத் தம்பி நேற்று மாலை என் அருகில் வந்து உட்கார்ந்தான். “அண்ணா, அங்கே ஒருவர் எலெக்ட்ரிக் பைக்கும் தருகிறாராம், டெலிவரி ஆப் கணக்கும் தருகிறாராம். வாரா வாரம் வாடகை கொடுத்தால் போதுமாம். சரி என்று சொல்லிவிடட்டுமா?” என்றான். அவனுக்குச் சொன்னதை இந்த ஆண்டு கிளம்பும் எல்லோருக்கும் சொல்கிறேன். சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். கணக்கை எடுக்கவே எடுக்காதீர்கள்.

காரணம் இதுதான். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்கு வருபவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் கூடாது. ஆப் வழியாக உணவு கொண்டு சேர்ப்பவர்கள் பொதுவாகச் சுயதொழில் செய்பவர்களாகவே கருதப்படுகிறார்கள். அப்படியிருக்க, இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வைத்து ஓட்டுவது தவறுக்கு மேல் தவறு. பிடிபட்டால் விசாவே போய்விடும். வீட்டை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கிக் கொடுத்த அப்பா இங்கே இருக்கிறார். கடையிலோ உணவகத்திலோ சம்பளச் சீட்டோடு கிடைக்கும் வேலையைத் தேடுங்கள். கிடைக்கத் தாமதமாகலாம், பரவாயில்லை.

இனி சைக்கிளுக்கு வருவோம். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். அங்கே அது சைக்கிள். மின்சார சைக்கிளில் மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். மோட்டாரின் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் துணை நின்றுவிட வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை, 14 வயது நிரம்பியிருந்தால் போதும். மிதிக்காமலே முறுக்கியதும் பறக்கும் வண்டியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனம். போலீஸ் பறிமுதல் செய்யும்.

வாடகை இரண்டு வகை. லண்டன் நகரப் பொது வாடகைத் திட்டமான சான்டாண்டர் சைக்கிள்களுக்கு, எடுக்கவும் திருப்பி விடவும் நிலையம் உண்டு. 2010இல் சாதாரண சைக்கிள்களோடு தொடங்கிய திட்டத்தில் 2022இல்தான் மின்சார வண்டிகள் சேர்ந்தன. திருப்பி விடும்போது முன்சக்கரத்தை நிலையத்தில் வண்டி பூட்டும் இடத்துக்குள் நன்றாக அழுத்தித் தள்ளிவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும். லைம் போன்ற தனியார் நிறுவனங்களின் வண்டிகளுக்கு நிலையம் கிடையாது. ஆப்பில் ஸ்கேன் செய்து எடுத்து, அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பரோவும் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி) தனித்தனியாக ஒப்பந்தம் போடுவதால், ஒரு பரோவில் நிறுத்தக்கூடிய வண்டியை அடுத்த பரோவில் நிறுத்த முடியாமல் போகலாம். கிளம்பும் முன்பே போய்ச் சேரும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். நான் லண்டனுக்குப் போன முதல் மாதம், பூட்டு விழுந்ததா என்று பார்க்காமல் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் போய்விட்டேன். காலையில் ஆப்பைத் திறந்தால் பயணம் இன்னும் முடியவில்லை. ஒரு வாரச் சாப்பாட்டுப் பணம் போயிற்று.

தினமும் போய்வர வேண்டியிருந்தால் மாத வாடகை நல்லது. பேட்டரியும் சார்ஜரும் வண்டியோடு வந்தவைதானா, திருடுபோனால் பொறுப்பு யாருடையது, முன்பணம் எப்போது திரும்பும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியைத் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வெளியேறும் வழியில் வைத்தும் போடாதீர்கள். லிதியம் பேட்டரித் தீயைப் பற்றி லண்டன் தீயணைப்புத் துறை விடாமல் எச்சரித்து வருகிறது. ஆறு பேர் சேர்ந்து தங்கும் வீட்டில் வாசல் நடையில் தீப்பற்றினால் யாரும் வெளியே வர முடியாது.

ஓட்டும்போது நமக்கு ஒரு வசதி உண்டு: அங்கேயும் இடதுபக்கம்தான். ஆனால் வண்டி கனமானது, நம் ஊர் சைக்கிளைப் போல ஒரு கையால் தூக்கித் திருப்ப முடியாது. சிக்னலில் நிற்கும்போது பெடலில் காலை ஊன்றாதீர்கள். லேசாக அழுந்தினாலும் வண்டி முன்னே பாயும். அக்டோபர், நவம்பரில் ஈரமான இலைகள் வழுக்கும். சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் நடைபாதையில் ஓட்டினாலும் 50 பவுண்டு அபராதம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது லாரிதான். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வெளிப்பக்கமாக ஒதுங்கும், பிறகு உள்பக்கத்தை முழுதாக அடைத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் பஸ்ஸின் உள்பக்கம் ஸ்கூட்டரை நுழைக்க நம் ஊர்க்காரர் யாரும் துணிய மாட்டார். லண்டன் சிக்னலில் இடதுபக்கம் திரும்பப்போகும் லாரியும் அப்படித்தான். அதன் இடதுபுறம் இடம் இருப்பது போலத் தெரியும், சைக்கிள் பாதையே கூட அங்கே வரைந்திருக்கும். நுழையாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். மலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துப் பழகிய நமக்கு அங்கே ஒரு சிறு மணிதான் துணை. லாரிக்குள் அது கேட்காது.

ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வழி பார்க்க வேண்டுமானால் சாலையோரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நின்று போனை எடுங்கள். பறித்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். மடிக்க முடியாத மின்சார சைக்கிளை 2025 மார்ச் 31 முதல் டியூப் எனும் சுரங்க ரயிலில் ஏற்ற முடியாது, பாதி வழியில் மழை பிடித்தால் ரயிலில் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

லண்டனில் வசிப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் பல பரோக்கள் சைக்கிள் பயிற்சியை இலவசமாகவே தருகின்றன. போய் இறங்கிய வாரமே உங்கள் பரோவின் இணையப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். எதிர்வீட்டுத் தம்பி தான் தங்கப்போகும் பகுதியின் பெயரைத் தேடி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டான். கணக்கு தருவதாகச் சொன்னவருக்கு வேண்டாம் என்று என் முன்னாலேயே செய்தி அனுப்பினான்.