தீம் பார்க் வேடம்: வாசலில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க

தீம் பார்க்கில் வேடம் நன்றாக அமைவதுதான் பல நேரங்களில் சிக்கல். அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்களில் 14 வயது நிரம்பியவர்கள் சாதாரண நாட்களில் வேடமிட்டு உள்ளே போக முடியாது. பத்து வயது மகள் இளவரசி கவுனில் துள்ளிக்கொண்டு நுழைந்துவிடுவாள். அதே கவுனைத் தன் அளவுக்குத் தைத்து அணிந்து வந்த அம்மா வாசலில் நிற்க வேண்டியதுதான். இதைக் கெடுபிடி என்று நினைத்து ஊழியரிடம் மல்லுக்கட்டுவது வீண். உள்ளே இளவரசியாக நடிக்கவே சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அச்சு அசலாக உடுத்திய பெரியவர் யாரைக் கண்டாலும் குழந்தைகள் நம்பி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளும். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று நிர்வாகத்துக்குத் தெரியாது. வேடம் அனுமதிக்கப்படும் நிகழ்ச்சிகளில்கூட, அந்தப் பாத்திரமாகப் படத்துக்கு நிற்கவோ கையெழுத்துப் போடவோ கூடாது என்பது இதனால்தான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

உள்ளே விற்பதையெல்லாம் உள்ளேயே அணியலாம் என்று நம்புவது அடுத்த தவறு. டிஸ்னி பூங்காக்களில் 2019இல் திறக்கப்பட்ட ஸ்டார் வார்ஸ் பகுதியில், அந்தப் படங்களில் வரும் ஜெடாய் வீரர்களின் மேலங்கியைப் பெரியவர்கள் அளவிலும் விற்றார்கள். வாங்கலாம், பூங்காவுக்குள் உடுத்திக்கொள்ளக் கூடாது. அந்த வீரர்கள் ஏந்தும் ஒளிவாளின் பிளாஸ்டிக் பொம்மைக்கு மட்டும் தடையில்லை. வியாபாரம் வேறு, விதி வேறு!

பேய், பூத வேடமிட்டுக் கொண்டாடும் அக்டோபர் மாத ஹாலோவீன் என்றால் எல்லாம் செல்லும் என்ற நினைப்பும் காலை வாரிவிடும். ஃபுளோரிடா டிஸ்னியில் தனி டிக்கெட்டுடன் நடக்கும் ஹாலோவீன் விருந்துக்குப் பெரியவர்களும் வேடமிட்டு வரலாம். ஆனால் முகமூடி கூடாது, தோளில் தொங்கும் அங்கி இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, எதுவும் தரையில் புரளக் கூடாது. சிறுவர்களின் முகமூடியும் முழு முகத்தை மறைக்காமல், கண்கள் தெரியும்படி இருக்க வேண்டும். இன்னொரு நிறுவனமான யுனிவர்சலின் பூங்காக்களில் நடக்கும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற திகில் நிகழ்ச்சியிலோ வேடத்துக்கும் முகமூடிக்கும் முற்றிலும் தடை. இருட்டில் பாய்ந்து வந்து பயமுறுத்துவது அங்கே ஊழியரின் வேலை. பார்வையாளரும் அதே கோலத்தில் நின்றால் யார் யாரென்று எப்படித் தெரியும்? டோக்கியோ டிஸ்னியில் பெரியவர்களுக்கு அறிவிக்கப்பட்ட ஹாலோவீன் நாட்களில் மட்டுமே அனுமதி. ஒரு பூங்காவின் விதியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

கையில் எடுத்துப் போகும் பொருள்களில் முதலில் மாட்டுவது பொம்மைத் துப்பாக்கி. 2015 டிசம்பரில் அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் அவற்றின் விற்பனையையே நிறுத்தின; வெளியிலிருந்து கொண்டுவரவும் தடை விதித்தன. நிஜ ஆயுதம் போலத் தோன்றினாலே போதும், சோதனையில் எடுத்துவிடுவார்கள். ‘இது வெறும் பிளாஸ்டிக்’ என்ற வாதம் எடுபடாது. செல்ஃபி ஸ்டிக்குக்கும் அதே ஆண்டில்தான் தடை வந்தது.

வாசலைத் தாண்டிவிட்டாலும் ரைடுகளில் இன்னொரு கட்டம் காத்திருக்கிறது. நீண்ட துப்பட்டா, தொங்கும் அங்கி, தளர்ந்த விக் ஆகியவை வேகத்தில் பறக்கும், சக்கரத்திலோ தண்டவாளத்திலோ சிக்கும். கழற்றி வைக்க முடியாத உடை என்றால் ரோலர் கோஸ்டரை மறந்துவிடலாம். நீர்ச்சறுக்குகளில் உலோக ஜிப், பக்கிள், பொத்தான் வைத்த உடைக்குப் பொதுவாக அனுமதி இல்லை; சறுக்கின் பரப்பில் கீறல் விழும்.

வேடம் போட்டே தீர வேண்டும் என்ற ஆசையுள்ள பெரியவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, நிறங்களால் மட்டும் பாத்திரத்தைச் சொல்வது. மஞ்சள் பாவாடை, நீலச் சட்டை, தலையில் சிவப்பு ரிப்பன்: டிஸ்னி படத்து இளவரசி ஸ்னோ வைட் என்று தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள், வாசலில் இருப்பவருக்கு அது வெறும் பாவாடை சட்டைதான்.